நம் சபைக்குள் ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தால்: துணை நிற்பவருக்கு ஒரு வழிகாட்டி

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு மட்டும் இதை எழுதவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுப்பவர், அதே சபையில் கூடவே கும்பிடுகிற ஒருவர், இவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கம் அப்படி ஒரு குடும்பத்தோடு நான் நின்றேன். எந்தச் சபை, எந்த ஊர், பிள்ளை ஆணா பெண்ணா என்பது எதுவும் இதில் இருக்காது. அடையாளத்தை வெளியிடச் சட்டம் விடாது. அதோடு, நம் பக்கத்து ஊர்களில் சபை பெயரைச் சொன்னாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

சபை என்று நான் எழுதும் இடத்தில் உங்கள் கோயில் கூட்டம், மடம், ஜமாத், சர்ச், பஜனை மண்டலி, பாடசாலை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், பெரியவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று இருக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

நான் இன்னும் அதே சபையில்தான் இருக்கிறேன். பிள்ளைக்குத் துணை போனால் சாமிக்கு எதிராகப் போனதாக ஆகிவிடும் என்று பயந்தே நல்ல மனிதர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வக்கீல், டாக்டர், போலீஸ் எல்லாரையும் அரசாங்கம் ஏற்பாடு செய்து தரும். தான் கும்பிட்ட இடத்திலிருந்து ஒரு முகம் தன் பக்கம் வந்து உட்கார்ந்ததா என்று பிள்ளை பார்க்கும். அந்த முகத்தை வேறு யாரும் ஏற்பாடு செய்ய முடியாது.

1. பிள்ளை சொல்லும்போது கேளுங்கள்; விசாரணை நடத்தாதீர்கள்

பிள்ளைகள் முழுசாக எதையும் சொல்வதில்லை. "அந்த மாமா வகுப்புக்கு இனிமே போகமாட்டேன்" என்று ஒரு துண்டுதான் வரும். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்காருங்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்லை." அந்த நேரத்துக்கு இவ்வளவு போதும். எத்தனை தடவை, எங்கே, ஏன் கத்தவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று துருவாதீர்கள். அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் பின்னால் வருவார்கள். நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுத்துவிட்டால், "இவர்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்று நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் காட்டுவார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. "உன்னைக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

அன்று இரவே ஒரு தாளில் தேதி, நேரம், யார் உடன் இருந்தார்கள், பிள்ளை சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நாகரிகமாக மாற்றாதீர்கள். பிள்ளை தன் பாஷையில் என்ன சொன்னதோ அதுதான் தாளில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்துப் போடுங்கள். அதைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2. பெரியவர்கள் கூடுவதற்கு முன்னால் புகார் போக வேண்டும்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விஷயம் கசிந்த அன்றைக்கே ஒரு பெரியவர் வீட்டு முகப்பில் ஜமக்காளம் விரித்துவிடுவார்கள். காபி வரும். பிள்ளையின் அப்பாவைத் திண்ணையில் நடுவாக உட்கார வைப்பார்கள். எழுந்து போக வழி இருக்காது. யாரும் குரல் உயர்த்தமாட்டார்கள். "நம்ம பிள்ளை, நமக்கு வலிக்காதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்பார்கள். அந்த ஆளை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள். கடைசியில் ஒரு பத்திரத்தாள் வரும். "பேசி முடித்துக்கொண்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று அதில் எழுதியிருக்கும்.

அதில் கையெழுத்துப் போட வேண்டாம். போக்சோ என்பது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்; அதில் வரும் குற்றத்தைப் பேசி முடிக்க இடமில்லை. பிள்ளையின் அப்பாவே சமரசம் ஆகிவிட்டார் என்று சொல்லி இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளால் வழக்கு நிற்காது. ஆனால் "காசுக்காகப் புகார் கொடுத்தார்கள்" என்று காட்ட எதிர்த்தரப்புக்கு அது உதவும்.

பிள்ளையைக் குற்றவாளிக்கு எதிரில் உட்கார வைத்து "சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதற்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். சாமி சன்னிதியில் சத்தியம் செய்ய வைப்பதும் வேண்டாம். ஒரு பெரிய மனிதர் கற்பூரத்தில் கையடித்து "நான் செய்யவில்லை" என்றால், அந்தச் சாமியே தன்னை நம்பவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், போக்சோ 2012, பிரிவு 19-ன்படி இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலே, நடக்கப்போகிறது என்று அச்சம் இருந்தாலே, யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்குப் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. பூசாரி, போதகர், பாதிரியார், உஸ்தாது, மடத்துப் பெரியவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. சமயப் பொறுப்பில் இருப்பவர் தன் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பிள்ளைக்குக் கொடுமை செய்தால், அதைச் சாதாரணக் குற்றமாக இல்லாமல் கடுமையான குற்றமாகவே சட்டம் வைத்திருக்கிறது.

முகப்புக் கூட்டத்தில் உங்களுக்கு வாய் திறக்க இடம் கிடைத்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: "நாம பேசி முடிச்சா, மறைச்ச குற்றம் இங்க உட்கார்ந்திருக்கிற எல்லார் மேலயும் வரும்." நியாயம் பேசி அசையாதவர்களும் இதைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைப்பார்கள்.

"புகார் பொய்யாகப் போய்விட்டால்?" என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில், கிரிமினல் எந்த வழக்கும் வராது என்று பிரிவு 19 சொல்கிறது. கெட்ட நோக்கத்தோடு வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை. பிள்ளைக்கு அந்தத் தண்டனையும் கிடையாது.

பிள்ளையின் அப்பா அம்மாவே வேண்டாம் என்றால்? இதுதான் மனசை அறுக்கும் இடம். அவர்களிடம் முதலில் நேரில் பேசுங்கள். சட்டம் உங்களையும் கட்டுகிறது என்று சொல்லுங்கள். அவர்களைத் திட்டாதீர்கள், பயத்தில் இருக்கிறார்கள். ஆனால் "திருவிழா முடியட்டும், சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா வரட்டும்" என்று தள்ளிப்போடுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களுக்குள் சாட்சியம் அழியும், ஆள் ஊரைவிட்டுப் போவார், பிள்ளையையும் எங்காவது அனுப்பிவிடுவார்கள்.

3. எங்கே போவது

அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112. பணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். 1098-க்குப் பேசும்போது பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள்.

நேரில் போவதென்றால் தமிழ்நாட்டில் போக்சோ வழக்குகள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில்தான் பதிவாகின்றன. ஆனால் உள்ளூர் ஸ்டேஷனும் புகார் வாங்கியாக வேண்டும். நம் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், திருப்பத்தூர் சிவகங்கையில். திருமயம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டையில். வீடு ஒரு மாவட்டம், சபைக் கட்டடம் இன்னொரு மாவட்டம் என்று இருந்தால், "அங்கே போங்க" என்று அலையவிடுவார்கள். அப்படிச் சொன்னால் "ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடுங்கள்" என்று கேளுங்கள். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம். அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

அடுத்த பொறி சி.எஸ்.ஆர். ரசீது. மனு வாங்கிக்கொண்டு ஒரு எண் போட்டுக் கையில் தருவார்கள். முத்திரை எல்லாம் இருக்கும். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அங்கேயே கேட்டு வாங்குங்கள். பாலியல் குற்றங்களின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற்றப்படாது என்பதால் பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வாங்கியதும் தேதி, இடம், பெயர், சட்டப் பிரிவு நான்கையும் படித்துப் பாருங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுவது அவர்கள் கடமை.

பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றத்தில் நேரடியாக மனுப் போடலாம்.

பிள்ளையின் வாக்குமூலம் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாததால்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்கலாம். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். யூனிஃபார்மில் வரக்கூடாது. அப்பா, அம்மா, அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம், அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. பிள்ளைக்கு வீட்டில் வைத்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். முகப்பில் பத்துப் பேர் நடமாடும் வீட்டில் எந்தப் பிள்ளையும் பேசாது.

இதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 183. ஆனாலும் கோர்ட்டில் எல்லாரும் பழக்கத்தில் 164 என்றுதான் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

4. மருத்துவமனை: நேரம் இங்கேதான் முக்கியம்

நடந்து மூன்று நாட்களுக்குள் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உடலிலிருந்து எடுக்கும் தடயங்களும் நாளாக நாளாகக் குறைந்துபோகும். குளிக்க வைக்காதீர்கள். தீட்டு என்று தலைக்கு ஊற்றி, உடுத்தியிருந்ததைத் துவைத்துப் போட்டுவிடுவார்கள் நம் வீட்டு அப்பத்தாக்கள். பாசத்தில்தான் செய்வார்கள், தடயம் போய்விடும். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கி வீணாகும்.

மூன்று நாள் தாண்டிவிட்டது என்றாலும் போங்கள். காயம், தொற்று, கர்ப்பம் எல்லாம் பார்க்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் பரிசோதனையும் சிகிச்சையும் செய்ய வேண்டும். "போலீஸ் லெட்டர் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக்கூடாது. அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் பரிசோதனை கிடையாது; பிள்ளை மறுத்தாலும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. கன்னித்தன்மை பார்க்கிறேன் என்று விரல் பரிசோதனை செய்வதை உச்ச நீதிமன்றம் தடை செய்து, 2022-ல் அதை மறுபடி கண்டித்துச் சொன்னது. யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்தால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் போனால் மருத்துவக் குழு, உயர் நீதிமன்றம் என்று நாள் ஓடும். சபையின் கருத்து என்னவாக இருந்தாலும் முடிவு பிள்ளையுடையது, குடும்பத்துடையது. இதில் உங்கள் வேலை, தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான்.

5. மஞ்சள் பைக்குள் இருக்க வேண்டியவை

ஒரே பை, ஒரே ஆள். பல பேர் கையில் தாள்கள் போனால் வெளியே கசியும். பையைச் சபை ஆட்கள் வந்து போகும் வீட்டில் வைக்க வேண்டாம்.

வயதுச் சான்றுதான் முதலில். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்று நிரூபித்தால்தான் வழக்கே போக்சோவில் நிற்கும். பள்ளி கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. இந்த வரிசை சட்டத்தில் உள்ளது. ஆதார் இதற்குப் போதாது. ஜாதகமும் செல்லாது, எத்தனை நேர்த்தியாகக் கணித்திருந்தாலும் சரி.

படிக்கும் பள்ளி சபையுடையது என்றால் சான்றிதழ் நகலைப் புகாருக்கு முன்னாலேயே வாங்கிவிடுவது நல்லது. பின்னால் கேட்டால் "கிளார்க் லீவு" என்பார்கள்.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனைச் சீட்டுகள், நீங்கள் எழுதி வைத்த தாள், குடும்பத்தின் அடையாள அட்டைகள், பிள்ளை பெயரில் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகம், போலீஸிடம் ஒப்படைத்த ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது. ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்குப் போகும்போது தெரிந்தவர் கடைக்குப் போகாதீர்கள். காரைக்குடியில் ஒரு கடைக்காரர் கண்ணில் எஃப்.ஐ.ஆர். பட்டால் சாயங்காலத்துக்குள் நாலு தெரு தாண்டும்.

செல்போனில் செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்திவிடாமல் போனையே பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் படமோ வீடியோவோ யாரிடமாவது இருந்தால், ஆதாரம் என்று நினைத்துக்கூட இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதும் வைத்திருப்பதும் போக்சோவில் தனிக் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

6. குழந்தைகள் நலக் குழு

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இந்தக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பைப் பார்க்க அரசு அமைத்த குழு இது, மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. குற்றம் செய்தவர் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்றால், பிள்ளையை எங்கே வைப்பது என்று மூன்று நாட்களுக்குள் இவர்கள் தீர்மானிப்பார்கள். நம் பெரிய வீடுகளில் ஒரே வளவில் நாலு பங்காளிக் குடும்பங்கள் இருக்கும். "ஒரே வீடு இல்லை, வேற அடுப்பு" என்று சொல்லி இதை மழுப்பப் பார்ப்பார்கள். இரண்டாங்கட்டில் பிள்ளை படுக்கும் இடத்துக்கும் அந்த ஆள் நடமாடும் இடத்துக்கும் நடுவில் பூட்டும் கதவு இருக்கிறதா இல்லையா என்பதைக் குழுவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

குழுவிடம் மூன்றைக் கேளுங்கள்.

முதலாவது, ஆதரவு நபர். வழக்கு முடியும் வரை பிள்ளையோடு வருபவர். பயிற்சி பெற்றவர்களின் பட்டியல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கும். சபையைச் சேர்ந்தவர் யாரும் இந்த இடத்துக்கு வந்துவிடாமல் பாருங்கள், நீங்கள் உட்பட. நீங்கள் சாட்சியாகவும் ஆகலாம் என்பதால் இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்க வேண்டாம். ஆதரவு நபர் இருந்தாலும் குடும்பம் வேறு யாருடைய உதவியையும் பெறத் தடையில்லை.

இரண்டாவது, மன ஆலோசனை. "எங்க சபையிலேயே கவுன்சிலிங் அக்கா இருக்காங்க" என்பார்கள். வேண்டாம். பிள்ளை சொன்னது அன்றைக்கே பெரியவர் காதுக்குப் போகும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ராத்திரியில் பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம்.

மூன்றாவது, உடனடி உதவித் தொகை. அதை அடுத்த தலைப்பில் சொல்கிறேன்.

7. காசு

எஃப்.ஐ.ஆர்., பரிசோதனை, அரசு வக்கீல் எதற்கும் பைசா கிடையாது. பிள்ளையின் தரப்பில் தனியாக வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். எண் 15100. கோர்ட் வாசலில் "அரசு வக்கீலுக்குக் கொடுக்கணும்" என்று கை நீட்டும் இடைத்தரகர் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உண்மையான செலவு வேறு. சிவகங்கைக்கும் புதுக்கோட்டைக்கும் போய்வரும் செலவு, போகும் நாளின் கூலி, வெளியே சாப்பாடு. பெண்களுக்கு இலவசம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான்; மாவட்டத் தலைநகருக்குப் போகும் மப்சல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். குற்றவாளியின் சொந்தக்காரர்களும் அதே பஸ்ஸில் ஏறுவார்கள், அதனால் கார் வைக்க வேண்டிய நாட்களும் வரும். உங்களால் பணமாக உதவ முடியும் என்றால் இந்தக் கார் வாடகையைக் கொடுங்கள். குடும்பம் கூச்சத்தில் கேட்காது.

உணவு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்தால் ஒரு வாரத்துக்குள் தொகை தர வேண்டும் என்று 2020-ல் வந்த போக்சோ விதிகள் சொல்கின்றன. பலர் கேட்காததால் கிடைப்பதில்லை. எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

இழப்பீடு தனி. எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். குற்றவாளி விடுதலை ஆனாலும், ஆளே கிடைக்காவிட்டாலும், பிள்ளைக்குப் பாதிப்பு உண்டு என்று நீதிமன்றம் கருதினால் தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கார்டியனாகச் சபைக்கு வேண்டிய பெரியப்பா, மாமா யாரையும் சேர்த்துவிட வேண்டாம்.

8. சபை ஒதுக்கும்போது

அடிதடி, மிரட்டல் என்று வெளிப்படையாக வருவது குறைவு. தலைக்கட்டு வரி வாங்க வந்தவர் அந்த வீட்டைத் தாண்டிப் போவார். கல்யாணப் பத்திரிகை வராது. கோயிலில் பிரசாதம் கைக்கு வராது. பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். குடும்பத்தைக் கடைசியில் உடைப்பது இவைதான். புகாரை வாபஸ் வாங்கலாம் என்ற பேச்சும் இந்தக் கட்டத்தில்தான் வரும்.

இங்கேதான் உங்கள் வேலை பெரியது. பட்டப்பகலில், எல்லார் கண்ணிலும் படும்படி அந்த வீட்டுக்குப் போங்கள். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டு போங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முறையாகப் பத்திரிகை வைத்துக் கூப்பிடுங்கள். நீங்கள் போக ஆரம்பித்தால் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். அவர்களும் மனசுக்குள் இதையே நினைத்துக்கொண்டு, யாராவது முதலில் போகட்டும் என்று இருந்தவர்கள்தான்.

வாட்ஸ்அப் குழுவில் பிள்ளை பெயர், போட்டோ, பள்ளி என எதையாவது யாராவது போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீஸிடம் கொடுங்கள். ஆதரவாகப் போட்ட பதிவும் இதில் அடக்கம். "பிள்ளைக்காகப் பிரார்த்திப்போம்" என்று பெயரோடு போடுவதும் குற்றம்தான்.

சாட்சி சொல்லக்கூடாது என்று யாராவது மிரட்டினால் அது தனி வழக்கு. தேதி போட்டுப் புகார் கொடுங்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018-ல் இருந்து இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்.

சபைப் பள்ளி டி.சி. தராமல் இழுத்தால், எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காக இன்னொரு பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. பெண் பிள்ளை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். "சீக்கிரம் ஒரு இடம் பார்த்து முடிச்சிடலாம்" என்ற பேச்சு வரும், சில சமயம் அதே ஆளுக்கே என்று வரும். 18 ஆகும் முன் கல்யாணம் குற்றம். காதில் விழுந்த அன்றே 1098-க்குச் சொல்லுங்கள்.

9. கோர்ட்

புலனாய்வை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆகவே 45-ம் நாள் வாக்கில் போய்த் தாக்கல் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஜாமீன் மனு, கைது எல்லாவற்றையும் போலீஸ் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு எண் கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணையும் (இணையத்தில் வழக்கைத் தேட உதவும் எண்) கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ போன் செய்து "நாளைக்கு வர வேண்டாம்" என்றால் நம்பாதீர்கள்.

விசாரணை ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிள்ளையின் பரீட்சை நாட்களை முன்கூட்டியே எழுதி அரசு வக்கீலிடம் கொடுங்கள்.

பிள்ளை சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னால், கோர்ட்டில் என்ன நடக்கும் என்று ஆதரவு நபர் மூலமாகப் பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆள் கண்ணில் படாதபடி திரையோ வீடியோவோ வைப்பார்கள். கதவு மூடித்தான் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையை நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதிதான் கேட்பார். நடத்தையைக் கேவலப்படுத்தும் கேள்விகளை நீதிபதி விடக்கூடாது. நடுவில் ஓய்வு கேட்கலாம்.

உள்ளே இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் வெளியே வராந்தாவில்தான் ஆபத்து. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதரவாகச் சபையிலிருந்து வேன் வைத்து வருவார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் குறி, எதிர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பிள்ளையையே பார்ப்பார்கள். பிள்ளைக்கு அத்தனையும் தெரிந்த முகம். திருவிழாவில் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள். அதனால் முந்தின நாளே அரசு வக்கீலிடம் சொல்லிக் காத்திருக்கத் தனி அறை கேளுங்கள். அறை கிடைக்காவிட்டால், கூப்பிடும் வரை வண்டியிலேயே இருக்க வையுங்கள். பிள்ளைக்கும் அந்த பெஞ்சுக்கும் நடுவில் நீங்கள் உட்காருங்கள். தண்ணீர், கொறிக்க ஏதாவது, ஒரு கதைப் புத்தகம் வைத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

10. பிள்ளையின் சாமி

சில பிள்ளைகள் இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்பார்கள். சில பிள்ளைகள் மறுபடி பாட, விளக்கேற்ற, தொழப் போக வேண்டும் என்பார்கள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள். "மன்னிச்சிடு, சாமி பார்த்துக்கும்" என்று யாரும் பிள்ளையிடம் சொல்லாமல் பாருங்கள்; நல்ல எண்ணத்தில் சொல்பவரையும் தடுங்கள். போக விரும்பும் பிள்ளையை அந்த ஆள் வராத வேறு இடத்துக்குக் கூட்டிப்போங்கள். நம் பகுதியில் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் பஞ்சமில்லை.

11. இப்போது பெரியவர்களாகிவிட்டவர்கள்

ஒரு வழக்கு வெளியே வந்ததும், இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள் வந்து "எனக்கும் அந்த ஆள்தான்" என்பார்கள். சென்னையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ போன் வரும். நாள் கடந்துவிட்டது என்பதால் கடுமையான குற்றங்களுக்கான வழக்கு செத்துப்போவதில்லை. 2012 நவம்பர் 14-க்குப் பிறகு, அவர்களுக்கு 18 ஆகும் முன் நடந்தது என்றால் போக்சோவிலேயே வரும். அதற்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வரும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் அந்த ஆள் இன்னும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினாலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். ஊருக்கு வரும் தேதியைப் பார்த்து, வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அனுப்பச் சொல்லுங்கள்.